மாமனார் பல்லும் என் சமையலும்

கல்யாணமாகி ராசிபுரத்துக்கு வந்து ஆறு வருஷம் வரைக்கும் எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரிந்திருந்தது. ஏழாவது வருஷம் மறந்துவிட்டது. முதலில் கறி வேகாமல் போனது. அடுத்து கொள்ளு கல்லானது. அப்புறம் தோசை தோலானது, கடைசியில் சோறே விறைத்துக்கொண்டது. இந்த வரிசையைப் பின்னாளில் உட்கார்ந்து யோசித்தபோதுதான், என் மாமனாரின் வாயில் பற்கள் விழுந்த வரிசையும் இதுவேதான் என்று புரிந்தது.

வீட்டில் அப்போது நாங்கள் நான்கு பேர். மாமனார், என் வீட்டுக்காரர், நான், பல் முளைத்துக்கொண்டிருந்த என் மகள். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், மருமகள் சமையலைக் குறை சொல்லும் பொறுப்பையும் மாமனாரே சுமக்க வேண்டியிருந்தது. ஒரு நாளும் சலித்துக்கொள்ளாமல் சுமந்தார்.

சுற்று வட்டாரத்தில் யார் மாடு வாங்கினாலும் அவரைத்தான் சந்தைக்குக் கூட்டிப்போவார்கள். மாட்டின் உதட்டைத் தூக்கிப் பார்த்து, "நாலு பல்லு", "ஆறு பல்லு", "கடை சேந்துபோச்சு" என்று வயதைச் சொல்லிவிடுவார். பல் தேய்ந்த மாடாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்கு நகர்ந்துவிடுவார்.

தன் பல்லைப் பற்றி அவருக்கிருந்த பெருமையும் கொஞ்சநஞ்சமில்லை. தினமும் வேலங்குச்சியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கிணற்றடியில் நிற்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டில் பாக்குவெட்டி கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தபோது, கொட்டைப்பாக்கை அப்படியே வாயில் போட்டு நொறுக்கிக் காட்டினாராம். என் அப்பா அதிலேயே மயங்கிவிட்டார். மாப்பிள்ளையை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவர், பல் ஆடத் தொடங்கியபோது யாரிடமும் சொல்லவில்லை. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு பேசினார். சிரிப்பதை விட்டுவிட்டார். முன்பும் அதிகம் சிரித்தவரில்லை என்பதால் அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது எச்சில் இலையில்தான். இலை எடுக்கும்போது பார்த்தால், முருங்கைக்காய்ச் சக்கைக்கு அடியில் மெல்ல முடியாத கறித்துண்டுகளை ஒளித்து வைத்திருப்பார். ஒவ்வொன்றும் சாறு உறிஞ்சி, வெளுத்து, பஞ்சுபோல் இருக்கும். மற்ற சில துண்டுகளை முழுதாக விழுங்கியிருப்பார். மத்தியானமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் புரள்வார்.

நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, மாமாவுக்குப் பல்லு போயிட்டிருக்குதுங்க. இலையில வந்து பாருங்க."

அவர் இலையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். "மெதுவாப் பேசு. அவருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு."

தன் அப்பாவுக்குப் பல் போன விஷயம் அப்பாவுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதில் என் வீட்டுக்காரர் அத்தனை கவனமாக இருந்தார்.

தை மாதம் வெண்ணந்தூரிலிருந்து நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். எங்கள் பக்கத்தில் நாத்தனாரை நங்கை என்போம். ஒரு கூடை நிறைய முறுக்கும் வெல்லக் கச்சாயமும் சுமந்துகொண்டு வந்தவர், அப்பாவைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைக்க மறந்து நின்றார். மாமனார் இளைத்துத்தான் போயிருந்தார். தோள் எலும்பு துண்டுக்கு மேலே தெரிந்தது.

"அய்யோ, எங்கப்பனப் பட்டினி போட்டே கொல்றாங்களே!" என்று தெருவுக்குக் கேட்கும்படி ஒரு சத்தம். அப்புறம் அவர் அருகில் உட்கார்ந்து, "இந்த முறுக்கத் தின்னுங்கப்பா, உடம்பு தேறீரும்" என்று நீட்டினார்.

மாமனார் முறுக்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். மகள் அந்தப் பக்கம் திரும்பியபோது வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். "பேஷா இருக்குது சாமி. நாக்குக்கு வெளங்குற மாதிரி தின்னு எத்தன நாளாச்சு" என்றார். நங்கை என்னை ஒரு பார்வை பார்த்தார். சாயங்காலம் அந்த முறுக்கு மாட்டுத்தொட்டியில் மிதந்தது. நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால், மாட்டையும் நான் பட்டினி போடுவதாகத்தான் பேச்சு வந்திருக்கும்.

நங்கை போவதற்குள் வைத்தியரை வரவழைத்தார். வைத்தியர் கை நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். வாயை மட்டும் திறக்கச் சொல்லவில்லை. மரியாதைப்பட்ட மனிதர். வயிற்றில் தீ மந்தித்துவிட்டது, ஒரு மண்டலம், அதாவது நாற்பது நாள், கஞ்சித் தெளிவைத் தவிர வேறொன்றும் ஆகாது, நெய் ஆகாது, பருப்பு ஆகாது, முட்டை நினைக்கவே ஆகாது என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டில் அன்றைக்கு வைத்திருந்த கோழிக்குழம்பை எலும்பு பாக்கியில்லாமல் சாப்பிட்டுப் போனார்.

நாற்பது நாள் கஞ்சித் தெளிவு கொடுத்தோம். உப்புப் போட்ட வெந்நீர் என்று சொன்னாலும் தவறில்லை. நெய்க்குப் பேர் போன ஊரில், பின்கட்டில் இரண்டு எருமைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு மனிதரை வெந்நீரில் வளர்த்தோம். பத்தாம் நாள் வயிற்றுவலி நின்றது; வைத்தியம் பலிக்கிறது என்றார்கள். இருபதாம் நாள் சந்தைக்குப் போவது நின்றது. முப்பதாம் நாள் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. நாற்பதாம் நாள் அவருக்கு அரைஞாண் கயிறு இரண்டு சுற்று வந்தது. வியாதி முழுக்க வெளியேறிவிட்டதாக வைத்தியர் சொல்லியனுப்பினார். கூடவே மாமனாரில் பாதியும் வெளியேறியிருந்ததை அவர் சொல்லவில்லை.

அதற்குள் மிச்சமிருந்த பற்களும் விழுந்துவிட்டன. கடைசியில் மாமனாரே ஒரு காலை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, துண்டை எடுத்துவிட்டு வாயைத் திறந்து காட்டினார். என் வீட்டுக்காரர் திடுக்கிட்டவர்போல் நடித்தார். அவர் வாழ்க்கையில் நன்றாகச் செய்த காரியங்களில் அது ஒன்று.

சேலத்தில் பல் கட்டித் தருகிறவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அப்பாவும் மகனும் கிளம்பினார்கள். உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் பின்னால் ஒரு கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. ஏற்றம் வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். போய்வந்த ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள்போல் வந்து இறங்கினார்கள். ஒரு தடவை மெழுகைக் கடிக்க வைத்து அளவெடுத்தார்களாம். ஒரு தடவை சரிபார்த்தார்களாம். ஒரு தடவை கடையே திறக்கவில்லையாம். பங்குனி முடிவதற்குள் பல் வந்து சேர்ந்தது. சிவப்பு ரப்பரில் பதித்த இரண்டு வரிசை, அத்தனையும் ஒரே அளவு, ஒரே வெள்ளை.

அன்றுமுதல் மாமனார் சிரிக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பார்க்காத சிரிப்பெல்லாம் அந்த ஒரு மாதத்தில் பார்த்தேன். பால்காரனைப் பார்த்துச் சிரித்தார். எருமையைப் பார்த்துச் சிரித்தார். இழவு வீட்டுக்குப் போய் அங்கேயும் சிரித்துவிட்டு வந்தார். பேச்சில் மட்டும் ஒரு சீழ்க்கை சேர்ந்துகொண்டது. ராசிபுரம் என்று அவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு குறைதான். அந்தப் பல்லை வைத்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. ஈறு புண்ணாகி ரத்தம் கசிந்தது. அதனால் சோற்றுக்கு உட்காரும்போது கழற்றிச் சொம்புத் தண்ணீரில் போட்டுவிடுவார். சாப்பிட்டுக் கைகழுவியதும் எடுத்து மாட்டிக்கொள்வார். ஆக, சாப்பிடும் நேரம் தவிர மற்ற எல்லா நேரமும் அவருக்குப் பல் இருந்தது. சாப்பாடு பழையபடி கரைத்த சோறும் மோரும்தான். உடம்பு தேறவில்லை. ஆனால் இப்போது இளைத்த முகத்தில் சிரிப்பு இருந்ததால், தேறிவிட்டார் என்று ஊர் சொன்னது.

வைகாசியில் நங்கையின் கடைசி மகனுக்கு வெண்ணந்தூரில் காதுகுத்து. என் வீட்டுக்காரர் தாய்மாமன். அவர் மடியில்தான் பையனை உட்கார வைக்க வேண்டும். மாமனார் பல்லை மாட்டிக்கொண்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு, வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். கிடா வெட்டிப் பந்தி போட்டார்கள். நூறு பேர் பார்க்கிற பந்தியில் பல்லைக் கழற்றிச் சொம்பில் போட முடியுமா? போடவில்லை.

நங்கையே கரண்டியோடு வந்தார். "அப்பா, உங்களுக்குன்னே நெஞ்செலும்பு எடுத்து வெச்சேனுங்க. கடிச்சுத் தின்னுங்க, பாக்கோணும் நானு" என்று இலையில் வைத்தார். சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தமெல்லாம் அவரைப் பார்த்தது.

மாமனார் எடுத்துக் கடித்தார். நான் பெண்கள் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன். அவர் முகம் மாறியதை நான்தான் முதலில் பார்த்தேன். கண் பிதுங்கியது. கை இலையை அறைந்தது. பக்கத்தில் இருந்தவர் "புரையேறிருச்சு, தண்ணி குடுங்க" என்றார். புரையேறினால் இருமல் வரும். அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

குடத்தைப் போட்டுவிட்டு, ஆண்கள் பந்திக்கு நடுவே இலைகளை மிதித்துக்கொண்டு ஓடினேன். அவர் தலையை முன்னால் கவிழ்த்து, முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தேன். மாமனாரை அடிக்கும் வாய்ப்பு எல்லா மருமகளுக்கும் கிடைப்பதில்லை என்று அப்புறம் என் அம்மா சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. நாலாவது அடியில் கறித்துண்டு வெளியே தெறித்தது. அதோடு மேல்வரிசைப் பல்லும் வந்து பாயசத்தில் விழுந்தது.

 அப்புறம் எங்கோ ஓர் ஓரத்தில் ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான், அந்த வரிசை முழுக்கச் சிரித்தது.

மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தலைவிட்டு வெளியே போனார். நான் பல்லை எடுத்துக் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டு பின்னாலேயே போனேன். ஊர் எல்லையில் ஒரு புளியமரத்தடியில் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். என் பக்கம் திரும்பாமலே, "அடி கொஞ்சம் பலமாத்தான் உழுந்துது அம்மிணி" என்றார். துண்டுக்குள்ளிருந்து வந்ததால் அது புகாரா, நன்றியா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு அவர் பின்கட்டு அறையைவிட்டு வெளியே வரவில்லை. பல்லையும் தொடவில்லை. பாலும் வாழைப்பழமும் உள்ளே போகும். பாதி திரும்பி வரும். யாராவது பார்க்க வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். ஒரு நாள் தட்டை எடுக்கப் போனபோது, சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "பல்லு தேஞ்சத வெச்சுத் தீனி போட்டு என்ன பண்றது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதுவரை அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம், கோபிக்க இன்னும் கொஞ்சநாள் அவர் இருக்க வேண்டுமே என்ற பயமாக மாறிப்போனது.

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அக்காவும் நானும் சுவருக்கு இருபுறமும் நின்று பேசாத நாள் கிடையாது. அவளுடைய மாமியாருக்கு வாயில் ஒரு பல்லும் கிடையாது. ஆனால் கன்னம் உப்பி, குரல் ஓங்கி, மருமகளைத் திட்டத் தேவையான தெம்பு சிறிதும் குறையாமல் இருந்தார். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"உங்க மாமியாளுக்கு என்னதானுங்க்கா போடறீங்க?"

"நாங்க திங்கிறதத்தான். கறி, மீனு, ஈரலு, எல்லாந்தான்."

"எப்படிங்க்கா மெல்லுவாங்க?"

"அவுங்க எதுக்கு மெல்லோணும்? அதான் அம்மி இருக்குதே" என்று சிரித்தாள். "உங்க ஊட்டுல என்ன பண்ணுனீங்க, தண்ணியா ஊத்துனீங்களாக்கும்? தண்ணி குடிச்சா ஒண்ணுக்குத்தான் போகும் புள்ள. சதை எங்கிருந்து வரும்? பல்லு போச்சுன்னா சோத்தக் கொறைக்கக்கூடாது, சோத்த மெத்துன்னு பண்ணோணும்."

இந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் ஒரு வைத்தியரையும் ஒரு கரி பஸ்ஸையும் சிரமப்படுத்தியிருந்தோம்.

கறியைக் கொத்திக் கைமாவாக்கி, வெங்காயத்தோடு குழைய வேகவைத்து, அம்மியில் இரண்டு ஓட்டு ஓட்டி, நெய் விட்டுப் பிசைந்து தரச் சொன்னாள். ஈரலை மசித்தாலே போதும் என்றாள். முட்டையைப் பாலில் அடித்து ஆவியில் வேகவைத்தால் தயிர்போல் நிற்கும் என்றாள். அன்றைக்கே கைமா செய்து, தனிக் கிண்ணத்தில் வைத்து, பெருமையாகப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன்.

மாமனார் கிண்ணத்தைப் பார்த்தார். பக்கத்தில் என் மகள் அதே போன்றொரு கிண்ணத்திலிருந்து பருப்புச்சோற்றை முகமெல்லாம் பூசிக்கொண்டிருந்தாள். அவளையும் பார்த்தார்.

"என்ன, எனக்கும் அன்னப்பால் ஊட்டறியா? எடுத்துட்டுப் போ."

அவருக்கென்று தனியாக எதைச் செய்தாலும் தொடமாட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாளிலிருந்து தனியாக எதுவும் செய்யவில்லை. வீட்டுக்கே பல் இல்லை என்று வைத்துக்கொண்டு சமைத்தேன். எல்லாருக்கும் கைமாதான். கொள்ளைக் கடைந்தேன், முருங்கைக்கீரையைக் கடைந்தேன், கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைந்தேன். காலையில் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினேன். அரிசியும் பருப்பும் குழைய வைத்து, நடுவில் குழிபறித்து நெய் ஊற்றினேன். எல்லாருக்கும் ஒரே சட்டியிலிருந்து, எல்லார் கண்ணெதிரே பரிமாறினேன்.

முதல் இரண்டு நாள் மாமனார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் மகன் அருகில் வந்து உட்கார்ந்தார். பிசைந்து ஒரு வாய் போட்டார். நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க என் வீட்டுக்காரர் பட்ட பாட்டில் அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. இலையில் மிச்சம் வைக்காமல் எழுந்தார்.

அரிசி அப்போது அளந்துதான் கிடைத்தது. பாதி நாள் ராகிக் களிதான் கிண்டினேன். அது ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று. களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் முறை. ஆனால் மாமனாருக்குக் களி என்றால் இளக்காரம். காடு கழனியில் பாடுபடுகிறவர்கள் தின்பது, நெல்லுச்சோறு தின்னும் வீட்டுக்கு ஆகாது என்று பல வருஷமாக ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு உருண்டை உள்ளே போனது. வந்தவர்களிடம், "என்ன பண்றதுங்க, ஜெர்மன்காரன் பண்ணுன வேல, களி திங்க உட்டுட்டான்" என்பார். இத்தனை பெரிய யுத்தம் நடந்ததில் எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்ட ஒரே ஆதாயம் அந்தச் சாக்குதான்.

இதில் உண்மையாகக் கஷ்டப்பட்டவர் என் வீட்டுக்காரர். முப்பத்திரண்டு பல்லையும் வைத்துக்கொண்டு இரண்டு மாதமாகப் பிசைந்ததையே தின்றுகொண்டிருந்தார். ஒரு நாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையெல்லாம் வேர்க்கடலைத் தோல். கடைவீதியில் ஒதுங்கி நின்று, எதையாவது கடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். கேட்டதற்கு, "வாய்க்கு ஒரு வேலை வேணுமில்ல" என்றார். வீட்டில் அவர் வாய்க்கு வேலை இருந்ததில்லை என்பது வாஸ்தவம்தான்.

ஆவணியில் நோன்பு மாதம் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு சாயங்காலம், பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும், சுவருக்கு மேலே ஒரு குண்டாவை நீட்டினாள். நொய்யரிசியும் பாசிப்பருப்பும் கைமாவும் பூண்டும் வெந்தயமும் போட்டு, குழையக் குழைய வேகவைத்த நோன்புக் கஞ்சி. மேலே புதினா மணந்தது. "உன்ர மாமனாருக்குக் குடு புள்ள. இதுல எல்லாமே இருக்குது" என்றாள்.

வாங்கிவிட்டேன். வாங்கியபின்தான் பயம் வந்தது. மாமனார் சம்பந்தி வீட்டில் தண்ணீர் குடிக்கவே சொம்பைப் பார்த்து, கிணற்றை விசாரித்துக் குடிக்கிறவர். கஞ்சி என்ற பெயரைக் கேட்டாலே வைத்தியர் ஞாபகத்தில் தட்டை வீசக்கூடியவர். இரண்டையும் சேர்த்து யோசித்துவிட்டு, எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் மாற்றி, பேர் சொல்லாமல் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு பண்ணுனது?"

"நாந்தானுங்க மாமா."

மீதியையும் குடித்து, விரலால் வழித்தார். "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் நீ ஒழுங்காச் சமைச்சிருக்கற அம்மிணி" என்றார்.

என் மாமனார் என் சமையலை வாய்விட்டுப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். நான் சமைக்காததைப் பாராட்டினார்.

அடுத்த நாளும் கஞ்சி வந்தது. அதற்கடுத்த நாளும். நான் தினமும் பொய் சொன்னேன்; அவர் தினமும் நம்பினார். கன்னம் கொஞ்சம் மேடு தட்டியது. சுவரைப் பிடிக்காமல் எழுந்தார். ஒரு வியாழக்கிழமை கைத்தடியோடு கடைவீதி வரை போய்விட்டு வந்தார்.

இருபதாம் நோன்பு வாக்கில் நங்கை வந்தார். காதுகுத்துக்கு அப்புறம் அன்றுதான் வருகிறார். அப்பா எழுந்து நடமாடுவதைப் பார்த்து, வைத்தியரின் மண்டலம் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று முடிவுகட்டினார். சாயங்காலம் பின்பக்கம் போனவர், சுவருக்கு மேலே வந்த குண்டாவையும் அதை வாங்கிய என் கையையும் பார்த்துவிட்டார்.

"அப்பா! வந்து பாருங்க, உங்க மருமக பண்ற காரியத்த! தெனமும் யாரு ஊட்டுக் கஞ்சிய உங்களுக்கு ஊத்தறான்னு பாருங்க!"

 குண்டா தளும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மூச்சுக் காட்டாமல் நிற்பது தெரிந்தது. மாமனார் அறையிலிருந்து மெதுவாக வந்தார். குண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"இப்ப எதுக்குச் சத்தம்?"

"ஏமாத்தியிருக்கறாளுங்கப்பா! அவளே பண்ணுனதுன்னு சொல்லி..."

"எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்" என்றார் மாமனார். "இவ கையில இந்த ருசி எங்க வரும்?"

  மாமனார் குண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "ஆறிப்போவுது பாரு" என்று என்னை அதட்டிவிட்டு, மகளிடம் திரும்பினார். "நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரு சாமி. குடிச்சுட்டுக் குண்டாவக் கழுவி, நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. வெறுங்குண்டாவக் குடுக்காத. ஒரு கரண்டி நெய் ஊத்திக் குடு."

நங்கை குடிக்கவில்லை. ஆனால் குண்டாவைக் கழுவினார். அரைமணி நேரம் கழுவினார். நெய்யையும் ஊற்றினார், அவர் நினைத்த ஒரு கரண்டியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நான் ஊற்றவைத்தேன்.

அதன்பிறகு மாமனார் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். மறுபடி சந்தைக்குப் போனார், மாட்டின் உதட்டைத் தூக்கினார், என் சமையலைக் குறை சொன்னார். கைமாவில் காரம் போதவில்லை என்பார், களியில் கட்டி தட்டியது என்பார். நியாயமான குறைகள். நானும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன். நங்கை வரும்போதெல்லாம் முறுக்குக்குப் பதிலாக மெத்தென்ற ஒப்புட்டு கொண்டுவந்தார். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று தனக்கு எப்போதுமே தெரியும் என்றார்.

அடுத்த வருஷம் நோன்பு பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் எல்லாரும் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் அமைதியாக வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மாமனார், காலையில் சந்தகை, மத்தியானம் கைமாவும் சோறும், மூன்று மணிக்கு வேகவைத்த முட்டை எல்லாம் முடித்துவிட்டு, நாலு மணியிலிருந்தே பின்சுவர் ஓரம் கட்டிலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மிணி, இன்னுமா பாங்கு சொல்லல?"